லீவில்லாத பள்ளிக்கூடமும் சாவியக்காவும்

சாவியக்கா வருகிறாள் என்றால் முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் ஆள் வருவாள். இடுப்பில் செருகிய இரும்பு வளையத்தில் இருபத்தேழு சாவிகள். பன்னிரண்டு வகுப்பறை, ஆபீஸ், ஆய்வுக்கூடம், சாமான் அறை, மோட்டார் ரூம், மொட்டை மாடி, இரண்டு கேட். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதுதான் வரும். மிச்சம் எட்டும் எந்தப் பூட்டுக்குச் சொந்தம் என்று அவளுக்கே தெரியாது. கழற்றிப் போடச் சொன்னால், "என்னைக்காவது ஒரு பூட்டு வந்து என் சாவி எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்பாள்.

பின்சுவர் ஏறிக் குதிக்கிற கூட்டத்துக்கு அந்தச் சாவிச் சத்தம் பெரிய உபகாரம். ஒரு மைல் தூரத்தில் கேட்டதும் ஆளுக்கொரு மூலையாகப் பறந்துவிடலாம். ஆனால் பிடித்தே தீருவது என்று சாவியக்கா முடிவு செய்துவிட்டால், வளையத்தை மொத்தமாக உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு பூனை மாதிரி வருவாள். அன்றைக்குத் தப்பித்தவன் யாரும் கிடையாது. பிடித்தாலும் பெரிய டீச்சரிடம் கொண்டுபோய் நிறுத்த மாட்டாள். ஒரு தடவை எவனோ ஒன்பதாம் அறைப் பூட்டுக்குள் சூயிங்கத்தை அடைத்துவிட்டான். எவன் என்று அவளுக்குத் தெரியும். கொண்டை ஊசியால் நோண்டி எடுத்து, காகிதத்தில் பத்திரமாக மடித்து, அவனுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அன்றோடு சூயிங்கம் மெல்வதையே விட்டான். இது கேள்விப்பட்டது இல்லை, பக்காவான தகவல்.

எட்டு வருஷமாக அவளுக்கு வருஷத்தில் பிடித்த காலம் என்றால் பெரிய லீவு இரண்டு மாதம்தான். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் முழுக்க அவள் ராஜ்ஜியம். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கித் தரையைத் தேய்ப்பாள். கரும்பலகைகளுக்குக் கருப்புப் பூசி மூன்று நாள் காயவிடுவாள். தொட்டியில் இறங்கிப் பாசி சுரண்டுவாள். கூடவே அவளுடைய ஒரே பையன், வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சோப்புத் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே போவான்.

அந்தப் பெரிய லீவுக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, பெற்றோர் கூட்டத்தில் ஒரு புதுத் திட்டத்தைச் சொன்னார். இனிமேல் வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் நடக்கும். ஒன்பது வாரம் படிப்பு, மூன்று வாரம் லீவு, மறுபடி ஒன்பது வாரம் படிப்பு, இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் ஒரேயடியாக லீவு கிடையாது.

"ரெண்டு மாசம் வீட்ல இருந்துட்டு வர்ற பிள்ளைக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கவே ஒரு மாசம் போயிடுது. சின்னச் சின்ன லீவா விட்டா மறக்காது," என்றார் பெரிய டீச்சர்.

"லீவுல வீட்ல கிடந்து டிவிய உடைக்கிறத விட இங்க கிடக்கட்டும்," என்று ஒரு அப்பா ஆமோதித்தார்.

"வெயில் காலத்துல அந்தத் தகரக் கூரை ரூம்ல உங்களை ஒரு நாள் உட்கார வச்சா தெரியும் சார்," என்று இன்னொருவர் எகிறினார். "பிள்ளைங்களா, வடகமா?"

கூட்டம் இரண்டாகப் பிளந்துகொண்டது. கடைசியில் பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்தையும் இரண்டாகப் பிளந்துவிட்டார். ஒரு வருஷம் செய்து பார்ப்போம், விருப்பம் இருக்கிறவர்கள் மட்டும் புதுத் திட்டத்துக்கு வரட்டும். அது பச்சைப் பிரிவு. பழையபடி பெரிய லீவு வேண்டும் என்கிறவர்கள் நீலப் பிரிவு. ஆறு அறை பச்சைக்கு, ஆறு அறை நீலத்துக்கு. எந்தப் பிரிவு எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று மண்டை குழம்பாமல் இருக்க சாவியக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சாவிகளில் பச்சை நூலும் நீல நூலும் கட்டினாள். ஒரு பிரிவு லீவுக்குக் கிளம்பும் கடைசி நாளில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அந்த நிறச் சாவிகளை எடுத்துக்கொண்டு போய் அறை அறையாகத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவாள். அவ்வளவுதான் வேலை.

திட்டத்தின் நல்லது கெட்டதைப் பற்றி கேட்டில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடந்தது. எதிர்த்த கடைத் தையல்கார அக்காவின் கட்சிதான் எல்லாரையும் விடச் சத்தமான கட்சி. அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் படிப்பு பிடிக்கும், பச்சையில் போட்டாள். சின்னவளுக்குத் தூக்கம் பிடிக்கும், நீலத்தில் போட்டாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான முடிவு. சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

"ஒருத்தி லீவு விட்டா இன்னொருத்தி ஸ்கூல்ல இருக்கா. இவ வந்தா அவ போறா. வருஷம் பூரா என் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு பிள்ளை உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கிட்டே இருக்கு. ஊருக்குப் போய் எங்க அம்மா முகத்தப் பார்த்து வருஷமாச்சு," என்று புலம்பினாள் தையல்கார அக்கா.

"அப்ப ரெண்டையும் ஒரே கலர்ல போட வேண்டியதுதான?" என்றாள் சாவியக்கா.

"எந்தக் கலர்ல? சொல்லு பார்ப்போம். ஒருத்தி அழுவா."

 சாவியக்கா தன் பையனை யோசிக்காமல் பச்சையில் சேர்த்திருந்தாள். காரணம் ஊருக்கே தெரியும். அவன் பட்டப்பெயரே மறதி.

பெரிய லீவு முடிந்து வரும்போதெல்லாம் அவன் தலை, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி பளிச்சென்று இருக்கும். ஒரு எழுத்து மிஞ்சாது. முந்தின வருஷம் கஷ்டப்பட்டு ஏறிய பாதி அகரவரிசையும் லீவில் எங்கோ சோப்புத் தண்ணீரோடு சறுக்கிப் போயிருக்கும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் தன் பெயரை எழுதச் சொன்னால் சன்னல் பக்கம் பார்ப்பான். வெளியூர்த் தொழிற்சாலையில் உலை எரிக்கும் அவன் அப்பா, போன வருஷம் லீவில் வந்தபோது ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு இருபது நாள் அவனோடு மல்லுக்கட்டினார். இருபத்தோராம் நாள் சிலேட்டு ஒரு பக்கம் போயிற்று, பையன் ஒரு பக்கம் போனான். "விடு. என்னை மாதிரி உலைக்கு வரட்டும். நெருப்புக்கு எழுதப் படிக்கத் தெரியணும்னு இல்ல," என்றார் அவர். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பச்சைப் பிரிவில் மூன்றாம் வகுப்புக்குக் கீச்சு டீச்சர். குரலுக்காக வந்த பெயர். ஆள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உயரம், குரல் மட்டும் நாலு தெரு தாண்டும். அவர் மறதியைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். மூன்று வார லீவு முடிந்து திரும்பும்போது அவன் கொஞ்சம்தான் மறந்திருந்தான். அந்தக் கொஞ்சத்தை இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். அடுத்த லீவில் அதைவிடக் கொஞ்சம். இப்படி மறதிக்கு நேரமே கொடுக்காமல் ஓட்டினார் கீச்சு டீச்சர்.

ஒரு நாள் சாமான் அறையில் சாவியக்கா துடைப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ முனகல். திரும்பினால் பையன் நாற்காலி மேல் ஏறி நின்று, மேல் தட்டில் இருந்த கழிவறை கழுவும் மருந்து டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"கு-ழந்-தை-களுக்கு... எட்-டாத... இடத்-தில்... வைக்-கவும். அம்மா, எட்டாத இடம்னா எதும்மா?"

"நீ இப்ப கைய விட்டியே, அதுதான்டா! இறங்குடா கீழ!"

டப்பாவைப் பிடுங்கி, முதுகில் ஒன்று வைத்து, அவனை வெளியே துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அவன் படித்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தாள். கண் கலங்கியதற்கு மருந்தின் நெடிதான் காரணம் என்று பிறகு கேட்டவர்களிடம் சொன்னாள். டப்பா மூடியே திறக்கவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

சாவியக்காவின் புருஷன் உலைக்காரர். தூரத்து ஊரில் கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலையில் உலை எரிப்பவர். அந்த உலை வருஷத்தில் பத்தரை மாதம் இரவு பகலாக எரியும். அணைந்தால் உள்ளே உருகிய கண்ணாடி கல்லாகிவிடும் என்பதால் அதற்கும் லீவு கிடையாது, அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அணைத்து, ஆறவிட்டு, உள்சுவர்ச் செங்கல்லைப் புதிதாகக் கட்டுவார்கள். கொத்தனார்கள் உள்ளே போனதும் உலைக்காரர்களுக்கு நாற்பது நாள் வீடு. அது எப்போதும் பெரிய லீவு சமயத்தில்தான் வரும்.

"தேதி குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். இந்தத் தடவை சிலேட்டெல்லாம் கிடையாது. அவனுக்கு நீச்சல் கத்துக் குடுக்கப் போறேன், காலையில போனா சாயங்காலம்தான் வீடு," என்றார் உலைக்காரர். "லீவு விட்டாச்சுல்ல?"

சாவியக்கா விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். பச்சைப் பிரிவு லீவு முடிந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த லீவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் உலை மறுபடி எரிய ஆரம்பித்திருக்கும்.

"என்ன, லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க. பச்சைக்கு இப்ப லீவு இல்லைங்க. போன வருஷம் போன்ல கேட்டேனே, நல்லதுன்னா செய்யின்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நல்லதுன்னாதான் செய்யச் சொன்னேன்." என்றார் உலைக்காரர். "வருஷத்துக்கு நாற்பது நாள். அதுல பகல் பூரா நான் சுவத்தப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? போன தடவை வந்தப்ப அவன் முதல் ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல தெரியுமா? மறதி எழுத்துக்கு மட்டும்தான்னு நினைச்சியா?"



மறுநாளே சாவியக்கா பெரிய டீச்சரிடம் போய் நின்றாள். பெரிய டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தார். "பச்சையிலேர்ந்து நீலத்துக்கு மாத்தலாம். தப்பில்ல. நீலத்துக்கு வர்ற வெள்ளிக்கிழமையோட ரெண்டு மாசம் லீவு. அன்னைக்கு நாலு மணிக்குள்ள ஃபாரம் குடுத்துடணும். ஆனா ஒண்ணு, மாத்தினா ஒரு வருஷத்துக்குத் திரும்பப் பச்சைக்கு வர முடியாது. டீச்சரும் வேற."

கீச்சு டீச்சரிடம் கேட்டாள். அவர் வழக்கமில்லாத வழக்கமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு மாசம் விட்டா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாதுக்கா. இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு. ஆனா அப்பாவையும் பிள்ளையையும் பிரிச்சு வைன்னு எந்த வாயால சொல்வேன்?"

பையனிடம் கேட்கவில்லை. கேட்டால் நீச்சல் என்றுதான் சொல்வான். ஒன்பது வயசில் நீச்சலுக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவார்கள்?

ஃபாரத்தில் எல்லாம் நிரப்பிவிட்டாள், கையெழுத்து மட்டும் பாக்கி. நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தாள். ராத்திரி நீலம் என்று முடிவு செய்வாள், காலையில் அவன் பல் தேய்த்துக்கொண்டே பற்பசை டியூபைப் படிக்கும்போது பச்சை என்று மாற்றுவாள். துடைப்பத்தை வைத்த இடம் மறந்தது. பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. மணி பத்து நிமிஷம் முன்னாலேயே ஒரு நாள் அடித்துவிட்டாள். பிள்ளைகள் அவளை வாழ்த்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நீலப் பிரிவுப் பிள்ளைகள் மொத்தமும் மைதானத்தில். இரண்டு மாத லீவு கண்ணுக்கு எதிரே நிற்கிற பிள்ளைகள் என்ன சத்தம் போடும் என்று எழுதிக் காட்ட முடியாது. கேட்டுக்கு வெளியே கூட்டிப்போக வந்த பெற்றோர் கூட்டம். சாவியக்கா வளையத்தைக் கழற்றி மாடி ஏறினாள். நீல அறைகளைப் பூட்ட வேண்டும். அவள் மனசில் அந்த நிமிஷம் ஓடியது இவ்வளவுதான்: 'இன்னைக்கு லீவு விடுற பிரிவுல என் பிள்ளை இருக்கான்.' அன்று காலை கடைசியாக எடுத்த முடிவு நீலம். மனசு பையனை நீலத்துக்கு மாற்றிவிட்டது. கைக்குத்தான் அது தெரியாது. பையனின் அறை எது என்று கைக்கு ஒரு வருஷமாகப் பழக்கம். அது நேராகப் பச்சை நூல் கட்டிய ஐந்தாம் எண் சாவியைப் பிடித்தது.

ஐந்தாம் அறைக் கதவு ஏற்கனவே சாத்தியிருந்தது. மைதானத்துச் சத்தம் தாங்காமல் கீச்சு டீச்சர்தான் சாத்தியிருந்தார். உள்ளே ஒரு சின்னச் சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் அந்த வகுப்பில் அரை மணி நேரம் மௌன வாசிப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு புத்தகத்தில் மூக்கை நுழைத்திருந்தார்கள். சாவியக்கா தாழ்ப்பாளைத் தள்ளினாள், பூட்டை அழுத்தினாள், இழுத்துப் பார்த்தாள். மற்ற அறைகளைப் பூட்டுமுன் ஃபாரத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று மொட்டை மாடிக்குப் போய், மாடிக் கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபாரத்தை எடுத்து விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

கீழே மௌனம் முடிந்து கதவைத் திறக்கப் போன கீச்சு டீச்சருக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவர் குரலின் முழு பலத்தையும் பிரயோகித்தார். மற்ற நாளாயிருந்தால் பக்கத்துத் தெரு நாய்கள் பதில் சொல்லியிருக்கும். அன்று மைதானத்துக் கூச்சலும் மோட்டாரும் சேர்ந்து அந்தக் குரலையே விழுங்கிவிட்டன. பக்கத்து அறைகளோ நீலப் பிரிவு, காலி. செல்போன் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. வகுப்புக்குள் போன் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததே அவர்தான். சன்னலோ உயரம். கம்பி வழியே எதையாவது வெளியே வீசலாம், எட்டிப் பார்க்க முடியாது.

இருபது நிமிஷம் கத்திய பிறகு கீச்சு டீச்சர் டீச்சராகிவிட்டார்.

"எல்லாரும் ஒரு தாள் எடுங்க. என்ன நடந்துச்சு, எங்க இருக்கோம், என்ன உதவி வேணும். மூணும் வரணும். எழுதிக் கசக்கி சன்னல் வழியா வீசுங்க. ஒருத்தர் பார்த்து இன்னொருத்தர் எழுதக் கூடாது!"

அதே நேரம் பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு மனிதர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். உலை இரண்டு நாள் முன்னாலேயே ஆறிவிட்டதால் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். சொல்லாமல் போய் நின்று பெண்டாட்டியைத் திடுக்கிட வைக்கலாம் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தார் உலைக்காரர். கேட்டில் கூட்டம், அதனால் சந்து வழி. தலையில் ஒரு காகித உருண்டை விழுந்தது.

"எவன்டா அவன்!"

இன்னொன்று தோளில். அப்புறம் மழை மாதிரி. வாலுப் பயல்கள் வேலை என்று நினைத்துத் திட்டிக்கொண்டே ஒன்றைப் பிரித்தார்.

'நாங்கள் ஐந்தாம் அறையில் இருக்கிறோம். பசிக்கிறது. காப்பாற்றவும்.'

அடுத்தது: 'சாவியக்கா பூட்டிட்டுப் போய்ட்டாங்க. நாங்க ஜாலியா இருக்கோம். மெதுவா வாங்க.'

அடுத்தது: 'டீச்சருக்குத் தொண்டை கட்டிருச்சு. முதல்ல அவங்கள எடுங்க.'

உலைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. நாலாவதைப் பிரித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு பருமன். வரி மலை ஏறி இறங்கியது.

'எங்க அம்மா எங்களப் பூட்டிட்டாங்க. வேணும்னு செய்யல. அவங்களுக்கு நாலு நாளா மனசு சரியில்ல. மொட்ட மாடில இருப்பாங்க. திட்டாமக் கூட்டிட்டு வாங்க.'

அவர் படித்து முடித்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். வைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்தார். மற்ற முப்பத்தேழு பேருக்கும் அவள் சாவியக்கா. அந்த அறைக்குள் இருந்துகொண்டு அவளை 'எங்க அம்மா' என்று எழுதக்கூடியவன் ஒரே ஒருத்தன்தான். இன்னொரு தடவை படித்தார். காகித உருண்டைகள் முதுகில் விழுந்துகொண்டே இருந்தன. அவர் நகரவில்லை.

பிறகு எழுந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து மாடிக்குப் போனார்.

சாவியக்கா நிமிர்ந்து பார்த்தபோது எதிரே புருஷன் நிற்பது பிரமை என்றுதான் முதலில் நினைத்தாள். மூன்று நாளாக அவ்வளவு நினைத்திருந்தாள்.

"திட்டாமக் கூட்டிட்டு வரணும்னு எழுதியிருக்கு," என்றார் உலைக்காரர், தாளை நீட்டி. "அதனால திட்டல. எந்திரி. கீழ அஞ்சாம் ரூம் பிள்ளைங்களையும் ஒரு டீச்சரையும் பூட்டி வச்சிருக்க."

படி இறங்கிய வேகத்தில் சாவியக்காவுக்குக் கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை. பூட்டுத் துவாரத்தில் சாவி நுழையவே மாட்டேன் என்றது. உலைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு கையுமாகத் திறந்தார்கள். பிள்ளைகள் ஜெயித்த படை மாதிரி வெளியே பாய்ந்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் பூட்டியிருக்கலாம்கா," என்று ஒரு பெண் குறைப்பட்டுக்கொண்டாள், அவள் இரண்டாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தாளாம். கீச்சு டீச்சர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. அவரே பயந்துபோய் மூடிக்கொண்டார்.

பையன் கடைசியாக வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றான். உலைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். போன தடவை மாதிரி இரண்டு நாள் ஆகுமோ?

"அப்பா, நான் எழுதினது உனக்குத்தான் கிடைச்சுதா?" என்றான் பையன். "நல்லவேளை. வேற யாராச்சும்னா திட்டியிருப்பாங்க."

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் மேலே வந்துவிட்டார். "எட்டு வருஷத்துல இப்படி ஒரு தப்பு நடந்ததில்ல. திங்கக்கிழமை இதப் பத்திப் பேசணும்," என்றார் சாவியக்காவிடம். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு. ஃபாரம் தரப்போறியா?"

ஃபாரம் சாவியக்காவின் இடது கையில் இருந்தது. வலது கையில் கோழிக்குஞ்சு எழுத்துத் தாள். உலைக்காரர் இரண்டையும் பார்த்தார்.

"டீச்சர், ரெண்டு மாசம் வீட்ல இருந்தா இது போயிடுமா?" என்று அந்தத் தாளைக் காட்டிக் கேட்டாள்.

"போயிடும்னு சொல்லல," என்றார் கீச்சு டீச்சர் கரகரத்த குரலில். "போகாதுன்னும் சொல்ல மாட்டேன்."

சாவியக்கா ஃபாரத்தை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். "இல்லம்மா," என்றாள் பெரிய டீச்சரிடம். "பச்சையிலயே இருக்கட்டும்." சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்க்க தைரியம் இல்லாமல் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் உலைக்காரர்.

"சொல்லாதது காதுல விழுது."

"விழட்டும். எனக்கு வருத்தம்தான். இல்லைன்னு பொய் சொல்லணுமா?" அவர் அவள் கையிலிருந்து பையன் எழுதிய தாளை மட்டும் வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். "ஆனா நீ மாத்தியிருந்தா இன்னும் கோவம் வந்திருக்கும். வா."

நீலப் பிரிவு கத்திக்கொண்டு கலைந்து போன பிறகு, உண்மையிலேயே பூட்ட வேண்டிய ஆறு அறைகளையும் பூட்டிவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். தையல்கார அக்கா மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தக் கலர் முடிவாச்சு?" என்று கத்தினாள்.

"பச்சை!"

"அழுதது யாரு?"

"இன்னும் யாரும் அழல," என்றாள் சாவியக்கா.

தெரு முனை திரும்பும்போது உலைக்காரர் பெட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். பையன் நடுவில், ஒரு கை அம்மா சேலையில், ஒரு கை அப்பா விரலில்.

"டேய், ஒரு கணக்கு," என்றார் உலைக்காரர். "ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து தூங்குற வரைக்கும் ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் நமக்கு. நான் இருக்கப் போறது நாற்பது நாள். மொத்தம் எத்தனை மணி நேரம்?"

பையன் நின்றான். கண்ணை இறுக மூடினான். உதடு மட்டும் அசைந்தது. நாலஞ்சு இருபது, அப்புறம் பூஜ்யம், அப்புறம் இன்னொரு பூஜ்யம். அந்த இரண்டாவது பூஜ்யம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

"ரெண்டாயிரம்!"

சாவியக்கா வாயைத் திறந்தாள். உலைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டை ஆராய ஆரம்பித்தாள்.

"அம்மாடி, ரெண்டாயிரமா?" என்றார் உலைக்காரர். "அவ்வளவு நேரம் இருக்கா நமக்கு? அதை எப்படிடா செலவழிக்கிறது?"

"அதெல்லாம் ஆயிடும்ப்பா," என்றான் பையன். "இப்பவே ஆரம்பிச்சுடணும், அவ்வளவுதான்." அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். தகரப் பெட்டி தோளில் தடதடக்க உலைக்காரர் பின்னால் ஓடினார். சாவியக்காவும் ஓடினாள், இருபத்தேழு சாவியும் தெருவையே கூப்பிட.